கொக்கு அனுப்பிய படம்

"படத்தை எடுத்துடு. மன்னிப்பும் கேட்டுடு. இல்லேன்னா உன் சேனலையே இழுத்து மூடிடுவேன்" என்றார் நகரசபைத் தலைவர்.

செனாமின் சொத்து ஒரே ஒரு போன்தான். அதில் அவள் போடும் ஊர்ச் செய்தியை வோல்ட்டா ஆற்றங்கரையின் அந்தச் சிறு நகரத்தில் நாலாயிரம் பேர் காலைக் கஞ்சிக்கு முன்பே பார்த்துவிடுவார்கள். இன்று போட்டது, நகரசபைக் கிடங்கில் புத்தம்புதுப் பலகைகள் அடுக்கிக் கிடக்கும் படம். சந்தைக்குப் போகும் மரப்பாலமோ உடைந்து மூன்று மாதமாகிறது.

"பலகை இன்னும் வரவே இல்லம்மா. இது கம்ப்யூட்டர் வரைஞ்ச படம். இப்பெல்லாம் யானை பறக்கிற மாதிரிகூட வரையுது."

"அப்போ கிடங்கைத் திறந்து காட்டுங்கய்யா."

"அது நகரசபைச் சொத்து. கண்டவங்களுக்கும் திறக்க முடியாது."

"அக்ராவிலேருந்து மந்திரி வந்து ரிப்பன் வெட்டட்டும்னு பலகையைப் பூட்டி வெச்சிருக்கீங்கன்னு ஊரே பேசுது. நாளைக்குச் சந்தை. தலையில கூடையோட நடக்கிறவங்களுக்குக் காலடியில ஓட்டை தெரியுமா? போன வாரம்தான் ஒரு அக்கா விழுந்து கால் ஒடிஞ்சு கிடக்காங்க."

"அதிருக்கட்டும். படம் கொடுத்தது யாரு?"

"சொல்ல மாட்டேன்."

சொல்ல நினைத்தாலும் முடியாது. இரண்டு வருடமாகத் துப்பு அனுப்பும் அந்த ஆளை அவள் பார்த்ததே இல்லை. பெயர் கிடையாது, ஒரு கொக்குப் படம் மட்டும்தான். அவளும் 'கொக்கு' என்றே போனில் பதிந்து வைத்திருந்தாள். அனுப்பியது ஒன்றுகூட இதுவரை பொய்த்ததில்லை.

தலைவர் பக்கத்தில் திரும்பினார். "யோவ் டோட்சே, நீ இன்ஜினியர்தானே? நீயே சொல்லு."

டோட்சே வறுத்த மீனும் கென்கே என்ற மக்காச்சோள மாவு உருண்டையுமாகச் சாப்பாட்டில் முழுகியிருந்தார். தூங்குமூஞ்சி என்று ஊரே கேலி பேசும் மனிதர். கட்டைவிரலில் வழிந்த மிளகாய்ச் சாந்தை அன்றைய பேப்பரின் ஓரத்திலேயே அழுத்தித் துடைத்தார்.

"பொய்ப் படம்தாங்கய்யா. நிழலே சரியில்ல."

செனாம் அவரை முறைத்தாள். தலைவர் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டுகிறாரே, இவரெல்லாம் படித்த மனுஷனா?

"நிஜம்னா நிரூபிக்கட்டுங்க" என்றார் டோட்சே, மீன் முள்ளை எடுத்தபடி. "இன்னைக்குப் பேப்பரைப் பலகை மேல வெச்சு, தேதி தெரியற மாதிரி ஒரு படம் காட்டட்டும். மூணு மணி வரைக்கும் டைம். இல்லேன்னா சேனலை மூடிடலாம்."

தலைவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "சரியாச் சொன்னே. வெறும் கிடங்குல எது மேல பேப்பரை வைக்கிறாங்கன்னு நானும் பார்க்கிறேன்."

கிடங்குச் சாவி ஆபீஸ் ஆணியில்தான் தொங்கியது. ஆனால் அங்கே வேலை பார்க்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அதைத் தொட முடியாது.

செனாம் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று கொக்குக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். பதில் இல்லை. மணி இரண்டு. இரண்டரை. இரண்டு வருட உழைப்பு இன்றோடு போச்சு என்று அவளுக்கு அழுகை முட்டியது.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் சிணுங்கியது.

பலகை அடுக்கு. மேலே அன்றைய பேப்பர். தேதி பளிச்சென்று தெரிந்தது.

சேனலில் போடப்போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாக்கிப் பார்த்தாள். பேப்பரின் ஓரத்தில் சிவப்பாக, எண்ணெய் கசிந்து, ஒரு கட்டைவிரல் ரேகை.

செனாமுக்கு டோட்சேயின் மீனும் மிளகாய்ச் சாந்தும் நினைவுக்கு வந்தன. எப்படி நிரூபிப்பது என்று சொல்லிக் கொடுத்ததும் அவர், நேரம் வாங்கிக் கொடுத்ததும் அவர்.

அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தைப் போட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? நாலு மணிக்குள் நகரசபை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஆறு மணிக்குப் பாலத்தில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. "நான்தான் உத்தரவு போட்டேன்" என்று தலைவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

செனாம் கொக்குக்கு எழுதினாள். 'ரொம்ப நன்றிங்கய்யா. நீங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஊர் உங்களைத் தூங்குமூஞ்சின்னு சொல்றது எனக்கே பொறுக்கல. உண்மையை எழுதட்டுமா?'

உடனே பதில் வந்தது.

'ஐயையோ, வேண்டாம்மா. நாளைக்கு என்னை இன்னும் நல்லாத் திட்டி எழுது. அப்பத்தான் அடுத்த வாரம் ஆஸ்பத்திரித் தண்ணிக் குழாயைப் படம் எடுக்க முடியும்.'