தகரக்கழுதைப் பாட்டு

"அந்த அமெரிக்காக்காரன் என்னையப் பேர் சொல்லித் திட்டறானுங்க. தெனமும் சாயங்காலமானா திட்டறான்" என்றார் அர்த்தனாரி.

கோயில் முன்னால் கூடியிருந்த ஊரே பூபதியைத் திரும்பிப் பார்த்தது.

பூபதி செம்மேட்டில் கேசட் கடை வைத்திருப்பவன். கொல்லிமலையில் இங்கிலீஷ் பாட்டு விற்கிற கடை அது ஒன்றுதான். விற்கிற கடை என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்வது.

அவனுக்கு உயிர் 'டின் மியூல்' என்ற ராப் மெட்டல் குழு. பாட்டில் பாதி பேச்சு, பாதி திட்டு, மிச்சமெல்லாம் இரைச்சல். பெயருக்கு அர்த்தம் கேட்டு ஆளாளுக்கு நச்சரித்ததில், "தகரக்கழுதைங்க" என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மலையில் அது தகரக்கழுதைப் பாட்டு.

97ல் வந்த முதல் கேசட்டை அவர்கள் ஊரிலேயே சீந்துவாரில்லை. 99ல் வந்தது லட்சக்கணக்கில் விற்றது. 2001ல் மூன்றாவது வந்தபோது, பாடுகிறவனும் கிடார்காரனும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. சின்ன வயசிலிருந்து ஒரே தட்டில் தின்றவர்கள், தனித்தனியாக வந்து பாடிவிட்டும் வாசித்துவிட்டும் போனார்கள். அத்தோடு குழு கலைந்தது. சேதி தெரிந்த அன்று பூபதி கடையே திறக்கவில்லை.

மூன்று கேசட்டையும் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆள் அரியூர் நாட்டுச் சின்னுசாமி. காட்டுப்பன்றி விரட்ட.

"குச்சிக்கிழங்குக் காட்டுல குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் போட்டு உட்டம்னா, பன்னி திரும்பிப் பாக்காம ஓடுதுங்க" என்று அவர் பாராட்டியபோது பூபதிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் மனுஷன் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் மறக்காமல் விசாரிப்பார்.

"அந்த ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா சாமி?"

"இல்லீங்கண்ணா."

"அடப் பாவமே" என்று போய்விடுவார். நாலாவது கேசட்டுக்கு அலைகிறார் என்று பூபதி நினைத்துக்கொள்வான்.

இப்போது அந்தச் சின்னுசாமி மீதுதான் பிராது. அவரும் அர்த்தனாரியும் பெரியப்பன் சித்தப்பன் மக்கள். வரப்போரத்துப் பலாமரம் யாருடையது என்பதில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. ரோஷத்தில் இரண்டு பேருமே பழம் பறிப்பதில்லை. விழுந்த பழத்தைத் தின்ன வந்த பன்றிதான் பக்கத்தில் கிழங்கும் இருப்பதைக் கண்டுகொண்டது.

"பாட்டைப் போடு கண்ணு, கேப்போம்" என்றார் ஊர்க்கவுண்டர் அப்பாசாமி.

பூபதி டேப்ரெக்கார்டரைக் கோயில் குழாயில் மாட்டி அமுக்கினான். "ஆர் தே சாரி, ஆர் தே சாரி" என்று அமெரிக்காக்காரன் அடிவயிற்றிலிருந்து கத்தினான். குழாய் வழியாக வெளியே வந்தபோது அது "அர்த்தனாரி, அர்த்தனாரி" என்றே கேட்டது.

"அட, ஆமாங்க. பேருதான்" என்று கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பன்னி வெரட்டத்தானுங்க போடறேன்" என்றார் சின்னுசாமி, தரையைப் பார்த்தபடி.

"பன்னி தெக்கால இருந்து வருது. குழாய் வடக்கால என்ற ஊட்டைப் பாத்து நிக்குது. இதென்ன நாயமுங்க?" என்றார் அர்த்தனாரி.

பூபதிக்குச் சுறுசுறுவென்று ஏறியது. நம் பாட்டுக்காரர்களைப் பன்றிக்குக் காவல் வைத்ததாவது போகட்டும், பங்காளிச் சண்டைக்கு அடியாளாகவும் ஆக்கிவிட்டாரே இந்தச் சின்னுசாமி.

"பூபதி, அந்தப் பாஷை உனக்குத்தான் தெரியும்" என்றார் ஊர்க்கவுண்டர். "திட்டுனதுதான்னா சொல்லிப்போடு. அப்பறம் குழாயை எறக்கறதோட போவாது. இந்த ரெண்டு ஊட்டுக்கும் இனி நல்லது கெட்டது கெடையாது. ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் எட்டிப் பாக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டிருந்த பெண் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

பாட்டின் மற்ற வரிகளைத் தமிழில் சொன்னால் கோயிலைக் கழுவிவிட வேண்டியிருக்கும். அதனால் கேட்ட வரிக்கு மட்டும் பூபதி பதில் சொன்னான்.

"திட்டு இல்லீங்க. பேரும் இல்லீங்க. சண்டை போட்டுப் பிரிஞ்சவங்களைப் பத்தி, 'அவங்களுக்கு மனசு வருத்தமா இருக்குதா'ன்னு கேக்கறான். அவ்வளவுதானுங்க."

"நெசமாவா?"

"சாமி முன்னால பொய் சொல்லுவேனுங்களா?"

"அப்பறம் என்ன, போய் அவங்கவங்க பொழப்பைப் பாருங்க" என்று ஊர்க்கவுண்டர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பெரிதாக எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அர்த்தனாரி மட்டும் நகரவில்லை. பூபதியின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அது எம்பேரே இல்லீங்களா?"

"இல்லீங்கண்ணா."

கோபம் தணியும் என்று பார்த்தால், மனுஷன் முகம் வாடிப்போனது. சரி என்று தலையாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

"பன்னிக்கு மொதக் கேசட்டே போதும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சின்னுசாமிதான். "மூணாவதைக் கடையில போட்டப்ப உம்பேரு மாதிரிக் கேட்டுச்சு. வாங்கியாந்து உன்ற ஊட்டைப் பாத்துக் கட்டுனேன்."

அர்த்தனாரி நின்றார்.

"எனக்கு வாய் வரலை அர்த்தனாரி. அதான் அவனை உட்டுக் கூப்பிட்டேன்."