ஒன்பது நாற்பத்திரண்டு

வாசல்நிலை ஒரு விரல் அகலம் சரிந்து நின்றது.

அது சிவகௌரியின் கண்ணில்தான் முதலில் பட்டது. தூக்குக்குண்டின் நூலை இரண்டு தரம் பிடித்துப் பார்த்துவிட்டாள். நூல் பொய் சொல்லாது. அன்றைக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்.

நேரம் ஒன்பது முப்பத்தேழு. நல்ல நேரம் ஒன்பது நாற்பத்திரண்டுக்குத் தொடங்கிப் பத்து ஆறுக்கு முடிகிறது. அதற்குள் நிலையை இறுக்கி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிவிட வேண்டும்.

நேரத்தைக் குறித்து அனுப்பியவர் வீட்டுக்காரர் மயூரதன். தனக்குத் தெரிந்த ஐயரிடம் கேட்டு, படம் பிடித்து அனுப்பியிருந்தார். இப்போது நடுச்சாமத்தில் ரொறன்ரோக் குசினியில் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தங்கை உதயகலா நீர்வேலி வெயிலில் நின்று போனை வாசலுக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறாள். கை உளைந்தாலும் இறக்க மாட்டாள். இறக்கினால் அண்ணை சத்தம் போடுவார்.

சத்தம் போடுவதில் மயூரதன் கெட்டிக்காரர். போன கிழமை ஒரு லோட் கல் பிந்தி வந்ததற்கு அவர் போட்ட சத்தத்தில், பக்கத்துத் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவ்வளவும் போனுக்குள்ளால்.

சிவகௌரி தன் பெயரில் கட்ட எடுத்த முதல் வீடு இது. பதினொரு வருடம் மற்ற மேசன்மாருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்து, கல் வைக்கப் பழகி, இப்போதுதான் கொந்தராத்து எடுக்கிற அளவுக்கு வந்திருக்கிறாள். பெண்பிள்ளை கட்டுகிற வீடு என்று ஊரில் அரைவாசிப் பேர் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இது பிழையாய்ப் போனால் அடுத்த வீடு கிடையாது.

நிலையைச் செய்த தச்சன் வாகீசன் நூலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு ஆப்பை இறுக்கிப்போட்டுப் பூசி விடுவம் அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?"

ஒருவருக்கும் தெரியாதுதான். பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும். ஒரு மாரியில் கதவு இறுகும், இல்லாவிட்டால் தானாகத் திறக்கும். அதற்குள் அவள் வேறு ஊரில் வேறு வீடு கட்டிக்கொண்டிருப்பாள்.

வாகீசனுடைய வேலையில் ஒரு குறையும் இல்லை. நேற்று இருட்டுப்பட்ட பிறகு, அவசரத்தில் நிலைக்குக் கீழே அவள் போட்ட அடித்தளம்தான் சரிவு. மட்டம் வைத்துப் பார்க்காமல் கண்ணை நம்பினாள். அந்த நேரம் கண்ணும் களைத்திருந்தது.

அவளுக்கு நல்ல பயம். ஆனால் கதவு தானாகத் திறக்கப்போகும் அந்த நாளை நினைத்துப் பார்த்தபோது, ஏச்சு வாங்கப்போகும் இந்த நாள் கொஞ்சம் சின்னதாய்த் தெரிந்தது.

போனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, அடித்தளம் சரிவு. நான்தான் பிழை விட்டனான். உடைச்சுத் திருப்பிப் போடவேணும். ஒரு மணித்தியாலம் பிடிக்கும்."

ரொறன்ரோவில் மயூரதன் இருந்த கதிரை பின்னால் தள்ளுப்பட்டது. பிறகு தொடங்கியது. நல்ல நேரம் போகப்போகிறது என்றார். பெண்பிள்ளையிடம் கொடுக்காதே என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்றார். நிலை இப்பவே ஏற வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மேசன் வருவார் என்றார்.

வாகீசன் ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டு கூலியாட்களோடு நிலையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தான். சிவகௌரி உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குந்தினாள். முதல் கொத்து விழுந்தபோது மணி சரியாக ஒன்பது நாற்பத்திரண்டு.

வேலை போய்விட்டது என்று விளங்கியது. கண் கலங்கியது. ஆனாலும் நேற்று இரவிலிருந்து நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று அந்தக் கொங்கிறீற்றோடு சேர்ந்து உடைந்துகொண்டிருந்தது.

பத்து ஆறு வந்தது, போனது. மயூரதனின் குரல் கரகரத்து நின்றது.

அப்போதுதான் உதயகலா போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணை, நானும் ஒண்டு சொல்லவேணும். ஏசாதேங்கோ."

தோள்பையிலிருந்து நாலாக மடித்த கடுதாசித் துண்டு ஒன்றை எடுத்தாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. அண்ணையின் ஐயர் பார்த்த பஞ்சாங்கம் ரொறன்ரோவுக்குக் கணித்தது. அவர் குறித்துக் கொடுத்தது கனடாவின் காலை. அது நீர்வேலிக்கு இரவு ஏழு மணி தாண்டிவிடும். படம் வந்த அன்றே உதயகலாவுக்குச் சந்தேகம். ஊர்க்கோயில் ஐயரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, இங்கத்தைய நேரத்தை எழுதிக் கொடுத்தார். ஒன்பது நாளாக அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாளே தவிர, அண்ணையிடம் சொல்ல வாய் வரவில்லை.

"இங்கை பத்து அம்பதுக்குத்தான் தொடங்குது. இந்தப் பிள்ளை தன்ரை பிழையைச் சொல்லேக்கைதான் எனக்கும் வாய் வந்தது."

நிலை அப்போதே ஏறியிருந்தால் மட்டமும் பிழை, நேரமும் பிழை.

போனில் ஒரு சத்தமும் இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று உதயகலா திரையைத் தட்டிப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. மயூரதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார்.

பிறகு, கூடப்பிறந்தவளே கேட்டிராத ஒரு தணிந்த குரல் சிவகௌரியை நோக்கி வந்தது.

"பத்து அம்பதுக்கு முன்னம் சரிக்கட்டுவீரோ, தங்கச்சி?"

சிவகௌரி தலையை நிமிர்த்தாமல், புதுச் சாந்தின் மேல் மட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஓம் அண்ணை. நீங்கள் அதுக்கிடையிலை ஒரு தேத்தண்ணி வைச்சுக் குடியுங்கோ."

அவர் சத்தமில்லாமல் எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார்.