ஏறாத ரத்தம்

மாத்திரை தொண்டையில் இறங்குவதற்குள் சுந்தரம்மாள் டீ டம்ளரை வாயில் வைத்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நர்ஸ் முத்துமணி அதைப் பார்த்துவிட்டாள்.

"மறுபடியும் டீயா? எனக்குச் செவுத்துல முட்டிக்கிடலாம் போல இருக்கு" என்று சொல்லி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

கர்ப்பப்பைக் கட்டியால் ரத்தம் போய்ப்போய் சுந்தரம்மாள் வெளுத்துக் கிடந்தாள். ரத்த அளவு பத்துக்கு ஏறினால்தான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அது ஏழிலிருந்து நகரமாட்டேன் என்கிறது. தேதி இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது.

"டீச் சாயம் இரும்புச் சத்த ஒடம்புல சேர விடாது, பாலும் அப்படித்தான். எலுமிச்சந்தண்ணில முழுங்குங்க, டீய ரெண்டு மணி நேரம் கழிச்சுக் குடிங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்?"

"எந்தத் தண்ணியானாலும் குமட்டுதும்மா. டீன்னாத்தான் எறங்குது."

சங்கரன்கோவிலில் டீயை விடச் சொல்வதும் ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்வதும் ஒன்றுதான். முத்துமணியே காலையிலிருந்து மூன்று டீ குடித்தாயிற்று.

மகள் பிரேமலதா டீ வடிகட்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ராஜபாளையத்தில் புருஷன் வீட்டிலிருந்து வந்து மூன்று மாதமாகிறது. "நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன் சிஸ்டர். கேக்க மாட்டேங்கா" என்றாள்.

அவளுடைய செல்போன் அடித்தது. புருஷன்தான். நிமிர்ந்து நின்றுகொண்டு பேசினாள்.

"இல்லங்க, வேணும்னு இருக்கல, ஏசாதிய. ரத்தம் ஏறாம ஆபரேஷன் பண்ண மாட்டாவளாம். இன்னும் ஒரு மாசம் ஆவும்." போனை வைத்துவிட்டு நிதானமாக மூச்சு விட்டாள்.

முத்துமணி கிளம்பும்போது சுந்தரம்மாளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இன்னும் கொறஞ்சா உசிருக்கே ஆபத்து. புள்ளையப் பாத்தாவது ஒழுங்கா இருங்க."

மறுநாள் காலை சாப்பிட்டு முடித்ததும் சுந்தரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தானே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து எடுத்துவந்து மாத்திரையைப் பிரித்தாள். அதற்குள் மூச்சு வாங்கியது.

பிரேமலதா வந்தாள். எலுமிச்சந்தண்ணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் சூடான டீயை வைத்தாள். "இதுலயே முழுங்கும்மா" என்றாள். அம்மா முகத்தை அவள் பார்க்கவில்லை.

மூன்று மாதமாக மகள் நீட்டியதை ஒரு வார்த்தை கேட்காமல் குடித்த சுந்தரம்மாள், இன்று டம்ளரைத் தொடவில்லை. மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"எனக்குக் கொணமானாலும் நீ அவன்கிட்டப் போவ வேண்டாம்ட்டி."