தலைக்கு ஒரு ஜன்னல்

குதிரையை ஏற்றிச் செல்லும் டிரெய்லரின் முன்பாதியில் ஏகநாதன் ஒரு வீட்டையே கட்டி முடித்திருந்தான். கட்டில், அடுப்பு, மடக்கு மேசை. பின்பாதி குதிரை பவளத்துக்கு. மறுநாள் அவன், மனைவி, குதிரை மூவரும் மலைக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் ஏற்றிப் பார்த்தபோது குதிரையின் மூக்கு நடுத்தடுப்பில் இடித்தது. பின்கதவு மூடவில்லை.

"அளந்தீங்களா இல்லையா?" என்றாள் மனைவி சிந்தாமணி.

"அளந்தேனே. அப்ப அது குனிஞ்சு புல்லு மேஞ்சுக்கிட்டிருந்துச்சு."

"நல்லா அளந்தீங்க போங்க! தலையை வீட்ல கழட்டி வச்சிட்டா வரும்? பவளம் வரலைன்னா நானும் வரலை."

தடுப்பை நகர்த்தினால் கட்டில் போய்விடும். ஏகநாதன் ரம்பத்தை எடுத்து, தலையணைக்கு மேலே தடுப்புப் பலகையில் பெரிய சதுர ஓட்டையாக அறுத்தான். பவளம் அதன் வழியே தலையை நீட்டி, விருந்துக்கு வந்தவர்போல அடுப்பையும் மேசையையும் நிதானமாகப் பார்த்தது. பின்கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

சிந்தாமணி கட்டிலில் படுத்துப் பார்த்தாள். குதிரையின் வெதுவெதுப்பான மூச்சு அவள் நெற்றி முடியைக் கலைத்தது. அவர்கள் இன்னும் போய்ச் சேராத மலையின் புல் அதில் மணத்தது.

"ஏங்க," என்றாள் கண்ணைத் திறக்காமலே, "இன்னைக்கே கிளம்பிட்டா என்ன?"