சிரட்டைப் பால்

யோவான் ஜீப்பின் நான்கு டயர்களிலும் பாதிக் காற்றை இறக்கிவிடுகிறான். கீரிப்பாறை மலைப்பாதையில் அடி தட்டுகிறதென்று போன வாரம்தான் ஒவ்வொரு ஸ்பிரிங் வில்லுக்கும் ஒரு இரும்புப் பட்டை கூடுதலாகப் போட்டு வண்டியை நாலு விரற்கடை தூக்கியிருந்தான். இப்போது பாறை தட்டுவதில்லை. ஏறினவர்களைத்தான் தூக்கி எறிகிறது. பால்வெட்டு முடிந்த ரப்பர் மரங்களில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. குடியிருப்பு வாசலில் ஏழு மாதக்காரி தேவகனி பாயில் சுருண்டு கிடக்கிறாள். காலையிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி கிடையாது. "குலுங்கினா பிள்ளை தங்காது" என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். யோவான் ஒரு சிரட்டையில் ரப்பர் பாலை விளிம்புவரை ஊற்றிப் பின்னால் வைத்து, கல்லுப்பாதையில் பத்தடி ஓட்டிப் பார்க்கிறான். தகரத் தரையெல்லாம் பால். தேவகனியின் புருஷன் செல்வதாஸ் அதையே பார்த்து நிற்கிறான். "என்னலே பாக்க? ஷீட்டுக் கட்டெல்லாம் தூக்கிட்டு வா!" என்று கத்துகிறான் யோவான். எட்டுக் கட்டு ரப்பர் ஷீட் ஏறியதும் வில்கள் முனகிக்கொண்டே படிகின்றன. மறுபடி சிரட்டை, மறுபடி பத்தடி. பால் விளிம்பை நக்கிவிட்டு உள்ளே திரும்புகிறது. கட்டுகளின்மேல் பாய் விரித்துத் தேவகனியைக் கிடத்துகிறார்கள். யோவான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். கண் பின்னாலேயே போகிறது. தேவகனி கை நீட்டிச் சிரட்டையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொள்கிறாள்.

"நீங்க முன்னால பாத்து ஓட்டுங்கண்ணே. சிந்தினா நான் சொல்லுதேன்."