பிள்ளையின் உபவாசம்

"இனிமே எனக்காக ஜெபம் பண்ணக் கூடாது. கேட்டியா?"

படுக்கையில் கிடந்த சலோமி மகளை அதட்டினாள். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பாட்டுப் புத்தகங்களை மூடிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். பஃபலோ ரோட்டில் ஒரு கடையின் மாடி அறை. சலோமிக்குப் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சபையின் மாதர் சங்கத்தார் வந்து ஜெபித்துவிட்டுப் போவார்கள்.

எட்டு வயது லில்லி சுவரோடு ஒட்டி நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

"பிள்ளையை ஏன் திட்டுற?" என்றார் சங்கத் தலைவி மார்த்தாள். "அம்மா பிழைக்கணும்னு காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம உபவாசம் இருக்கா. சின்னப் பிள்ளைங்க ஜெபத்தைக் கர்த்தர் தள்ளவே மாட்டார்னு நான்தான் சொன்னேன்."

சலோமி கையை ஊன்றிச் சற்று நிமிர்ந்தாள். தலைமாட்டில் தனக்கென்று வைத்திருந்த, தேங்காய்ப்பால் இனிப்பு தடவிய காயா ரொட்டியை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"தின்னு."

"வேணாம்மா."

"தின்னுடீ!"

"நான் தின்னா நீ செத்துப் போயிடுவம்மா."

சலோமி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். ரொட்டியைப் பிய்த்து அவள் வாயில் திணித்தாள். லில்லி அழுதுகொண்டே மென்றாள்.

"முழுங்கு. முழுங்கிட்டுக் கீழே போய் விளையாடு. ராத்திரி முழங்கால்ல நிக்கிறதைப் பார்த்தேன்னா, அடிதான்."

லில்லி ஓடிவிட்டாள். பெண்களும் எழுந்துகொண்டார்கள். படியிறங்கும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"நோவு வந்ததும் விசுவாசம் போயிடுச்சு லா."

"புருஷன் கப்பல்பட்டறையில நாயா உழைக்கிறான். இவளுக்கு வாய் மட்டும் குறையல."

"பெத்த பிள்ளையோட ஜெபத்தையே வேணாங்கிறாளே, இவல்லாம் ஒரு தாயா?"

எல்லாம் மேலே கேட்டது. சலோமி கண்ணை மூடிக்கொண்டாள்.

மார்த்தாள் மட்டும் போகவில்லை.

"என்ன சலோமி, கர்த்தர் மேல கோபமா?"

"இல்லக்கா. தினமும் அவர்கிட்டதான் கெஞ்சுறேன். இவளை விட்டுட்டுப் போக எனக்கு மனசில்லை. நீங்களும் கேளுங்க. சபையே கேக்கட்டும். அவ மட்டும் கேக்க வேணாம்."

"அதான் ஏன்னு கேக்கிறேன். பிள்ளை மனசை இப்படி உடைக்கலாமா?"

"கதவைச் சாத்துங்கக்கா."

சாத்திவிட்டு வந்து மார்த்தாள் கட்டிலருகே உட்கார்ந்தார். சலோமிக்கு மூச்சு வாங்கியது. 

"எங்கம்மாவை நான்தான் கொன்னேன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"ஐயோ, என்ன பேச்சு இது?"

"அவங்க படுத்துக் கிடந்தப்ப எனக்கும் லில்லி வயசுதான். நீ ஜெபம் பண்ணினா அம்மா பிழைச்சுக்குவான்னு எங்கிட்டயும் சொன்னாங்க. விடாமப் பண்ணினேன்."

"அப்புறம்?"

"ஒரே ஒரு ராத்திரி, ஜெபம் பண்ணாமத் தூங்கிட்டேன்க்கா."