முதல் பக்கம் இல்லாத கட்டுரை

"இப்படி ஒரு மௌக்கா திரும்ப வராது மேடம். 'பிரசுரிக்கத் தகுதியில்லை'ன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க, போதும்," என்றார் குழந்தைவேலு.

அந்தமானின் சிப்பிகாட் பண்ணையில் தென்னை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நீலாவதிக்கு அவர் உதவியாளர். மேஜைமேல் அன்றைய கப்பல் தபாலில் வந்த கட்டுரை கிடந்தது. படித்துப் பார்த்து, வெளியிடலாமா கூடாதா என்று சொல்லும்படி ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை அதை அவளுக்கு அனுப்பியிருந்தது. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய முதல் பக்கத்தை மட்டும் காணோம்.

பெயர் எதற்கு? கார் நிக்கோபாரில் தென்னங்குரும்பை உதிர்வதைப் பற்றிய கட்டுரை. சென்ற ஆண்டு மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்து அங்கே ஒரு மாதம் தங்கித் தென்னைகளை ஆராய்ந்துவிட்டுப் போனவர் பேராசிரியர் ஜெகநாதன் ஒருவர்தான்.

அந்த ஜெகநாதன்தான் நீலாவதியின் கட்டுரையை ஒரு காலத்தில் திருப்பியவர். குரும்பை உதிர உப்புக்காற்றே காரணம் என்று மூன்று வருஷம் பாடுபட்டு அவள் எழுதியிருந்தாள். 'தீவிலிருந்து வரும் கணக்கை நம்புவதற்கில்லை. ஒரு பெண் மரமேறி எண்ணினாள் என்பதை அதைவிட நம்புவதற்கில்லை' என்று குறிப்பெழுதித் திருப்பியதோடு நில்லாமல், சென்னை மாநாட்டிலும் அதையே சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். நிஜமாகவே மரமேறி எண்ணியவள், அந்தச் சபையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது வந்த கட்டுரையோ, உப்புக்காற்று காரணமே இல்லை என்றது. சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சிதான் காரணமாம். முசிறு எறும்பு கூடு கட்டிய மரங்களில் அந்தப் பூச்சி அண்டுவதில்லையாம், குரும்பையும் உதிர்வதில்லையாம்.

அது உண்மையானால் நீலாவதியின் முடிவு பொய். ஆனால் நான்காவது அட்டவணையில் ஒரு கூட்டல் பிழை இருந்தது. நிராகரிக்க அதுவே தாராளம். குழந்தைவேலு அதைத்தான் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

"அந்த மனுஷன் மேல எனக்கும் கோபம்தான். அதுக்காக, சரியா தப்பான்னு பார்க்காமலே திருப்புறதா? எனக்குச் செஞ்சது அதுதானே," என்றாள் நீலாவதி.

மூன்று மாத அவகாசம் கேட்டுத் தந்தியடித்தாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, பண்ணையில் நாற்பது மரங்களில் தானே ஏறி முசிறுக் கூடுகளைக் கொண்டுபோய் வைத்தாள். கையும் கழுத்தும் தடித்து வீங்கின. மழையென்றும் பாராமல் தினமும் உதிர்ந்த குரும்பைகளைப் பொறுக்கி எண்ணினாள். எறும்பு குடியேறிய மரங்களில் குரும்பை நின்றது. காற்று நேரே வந்து அறையும் மரங்களிலும் நின்றது.

"மனுஷன் கெட்டிக்காரர்தான்," என்றாள்.

கூட்டல் பிழையைத் திருத்தினாள். தன் எண்ணிக்கையையும் சான்றாக இணைத்தாள். 'என் பழைய முடிவு தவறு. இந்தக் கட்டுரை அவசியம் வெளிவர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மூன்று மாதமாக முணுமுணுத்துக்கொண்டிருந்த குழந்தைவேலு, அந்த உறையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரிக் கப்பலில் அச்சான இதழ் வந்தது. கூடவே பத்திரிகையாசிரியர் சிவஞானத்தின் கடிதம்.

'உங்களுக்கு முன் மூன்று பேருக்கு இதை அனுப்பினேன். மூவருமே பெயரையும் ஊரையும் பார்த்துவிட்டு, உள்ளே புரட்டாமலே திருப்பிவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு முதல் பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன். மன்னிக்கவும்.'

ஜெகநாதன் பெயரைப் பார்த்து யார் திருப்பப் போகிறார்கள்? நீலாவதி அவசரமாக இதழைப் புரட்டினாள்.

தலைப்புக்குக் கீழே அச்சாகியிருந்தது: செலின், ஆரம்பப் பள்ளி ஆசிரியை, கார் நிக்கோபார்.

நீலாவதி இதழைக் குழந்தைவேலுவின் பக்கம் திருப்பி, அந்தப் பெயரைக் காட்டினாள். பிறகு, "நானும்தானே குழந்தைவேலு, இவங்களை மூணு மாசமா மனுஷன் மனுஷன்னேன்," என்றாள்.